சச்சரவுக்குக் காரணம் யார்?

ஒரு வீட்டில் சண்டை. புருஷனைக் கேளுங்கள், "அவள் குணமே அப்படி" என்பார். மனைவியைக் கேளுங்கள், "அவர் பிறவிச் சுபாவம் அது" என்பாள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவரும் நியாயமும் சொல்லவில்லை.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப்பேறி மலைக்குப் போனவள், பொழுது சாய்ந்து வந்து அடுப்பு மூட்டுகிறாள். குழம்பில் உப்புக் கூடிவிட்டது. "அக்கறையில்லாதவள்" என்று தீர்ப்பாகிறது. மறுநாள் புருஷன் ரேஷன் அரிசி வாங்க மறந்துவிடுகிறார். "வயலுக்குத் தண்ணீர் முறை வந்தது, நேரமில்லை" என்கிறார். அவளோ, "வீட்டு நினைப்பே இல்லாத மனுஷன்" என்கிறாள். தன் பிழைக்குச் சந்தர்ப்பம் காரணம். துணையின் பிழைக்குக் குணம் காரணம்! வாங்க ஒரு படி, கொடுக்க ஒரு படி வைத்திருக்கும் வியாபாரியை நாம் என்னவென்று சொல்வோம்?

பிராட்பரி, ஃபின்சம் என்ற மனோதத்துவ அறிஞர் இருவர், இதுபற்றி நடந்த ஆராய்ச்சிகளை 1990-ல் தொகுத்து ஆராய்ந்தார்கள். மனம் கசந்த தம்பதிகள் துணையின் தவறை மாறாத குணத்தின்மேல் ஏற்றுகிறார்கள். அவர் செய்யும் நன்மையையோ தற்செயல் என்று தள்ளிவிடுகிறார்கள். குணமே கெட்டது என்று முடிவு கட்டியபின், திருந்துவதற்கு வழி ஏது? பேசித்தான் பயன் என்ன?

இது புதிய வியாதியன்று. விலக்கப்பட்ட கனியைப் பற்றிச் சர்வேசுரன் விசாரித்தபோது, ஆதாம் ஏவாளைக் கைகாட்டினான். அவளைத் தந்தவரையும் சேர்த்தே குறை சொன்னான். ஏவாள் பாம்பைக் காட்டினாள். பாவசங்கீர்த்தனத்தொட்டியில் முழந்தாளிடும் நாமோ, நம் பாவத்தையல்லவா சொல்ல வேண்டும்? துணையின் பாவத்தைச் சொல்ல அங்கே இடமில்லை.

அப்படியானால் எதையும் பொறுத்துப்போக வேண்டுமோ? இல்லை. "குடிவெறியில் அடித்துவிட்டார், பாவம்" என்று அடிக்குச் சமாதானம் தேடுவது பொறுமையன்று. அடிபடும் பெண்ணுக்கு 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. 181 என்ற எண்ணில் அழைத்து உதவி கேட்கலாம். நாம் பேசுவது உப்பையும் அரிசியையும் பற்றி. ஆனால் பல குடும்பங்கள் கசந்துபோவது இவற்றால்தான்.

ஆகையால், அடுத்த முறை தீர்ப்புச் சொல்லுமுன் உங்களையே கேளுங்கள்: "இதே தவறை நான் செய்திருந்தால் என்ன காரணம் சொல்லியிருப்பேன்?" பிறகு, "என்ன நடந்தது?" என்று துணையிடமே கேளுங்கள். பதில் முடியும்வரை வாய் திறவாதிருங்கள்.