பொறுப்பை இறக்கி வைக்க முடியுமா?

மனிதன் தன் வேலையைப் பிறிதொன்றிடம் ஒப்படைப்பது புதிதன்று. நீர் இறைக்க மாட்டையும், சுமை தூக்க ஒட்டகையையும், மாவரைக்க இயந்திரத்தையும் அவன் என்றோ அமர்த்திக்கொண்டான். ஆனால் அவற்றிடம் அவன் ஒப்படைத்தது உழைப்பை மட்டுமே. பார்த்து, அளந்து, முடிவு செய்யும் வேலையைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். இன்று அந்த வேலையையும் இயந்திரம் ஏற்க முன்வந்திருக்கிறது. நாமும் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். அப்படிக் கொடுக்கும்போது வேலையோடு பொறுப்பும் நம்மை விட்டுப் போய்விடுகிறதா? நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இதுவே.

பெரிய தத்துவங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு சிறு செயலையே எடுத்துக்கொள்வோம். தெருவோரத்தில் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு காருக்குப் போதுமான இடம் இருக்கிறது. அந்த இடத்துக்குள் பின்னோக்கிச் சென்று, நடைபாதையை ஒட்டி நேராக நிறுத்த வேண்டும். கழுத்தைத் திருப்பிப் பார்த்து, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடித்து, தக்க தருணத்தில் மறுபக்கம் ஒடிக்க வேண்டும். பின்னால் காத்திருப்பவர் ஹாரனை அழுத்திவிட்டால் தேர்ந்த ஓட்டுநருக்கும் வியர்த்துவிடும்.

இந்த வேலையைத் தானே செய்யும் வசதியோடு விற்பனைக்கு வந்த முதற்கார், 2003-ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளியான டொயோட்டா பிரியஸ். அது பெட்ரோலும் மின்சாரமும் கலந்து ஓடுவது. பின்னர் முழு மின்சாரக் கார்கள் வந்தன. 2013-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஐ3 காரில் இவ்வசதியைப் பெற்றவர்களுக்கு ஸ்டீயரிங், வேகம், பிரேக் மூன்றையும் கணினியே கவனித்துக்கொண்டது. 2017-இல் வந்த நிஸ்ஸான் லீஃப் காரின் இவ்வசதிக்கு 4 காமிராக்களும் 12 ஒலியுணர் கருவிகளும் துணை நின்றன. அக்கருவிகள் மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, எதிரொலிக்காகக் காத்திருக்கின்றன. ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருளிலிருந்து எதிரொலி திரும்பிவர ஒரு நொடியின் ஆயிரத்தில் ஆறு பங்கு நேரமே ஆகும். அந்த நேரத்தைக் கொண்டு கார் தன் இடத்தை அளந்துகொள்கிறது.

இதை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவது நீதியாகாது. அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏ.ஏ.ஏ. 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மேற்சொன்ன ஐ3 உள்ளிட்ட ஐந்து கார்களைச் சோதித்தார்கள். கருவியின் உதவியோடு நிறுத்தியபோது சக்கரம் நடைபாதை விளிம்பில் மோதுவது 81 விழுக்காடு குறைந்தது. முன்னும் பின்னுமாக நகர்த்துவது 47 விழுக்காடு குறைந்தது. நேரமும் 10 விழுக்காடு மிச்சமாயிற்று. ஆனால் அந்நாட்டு ஓட்டுநர்களைக் கேட்டபோது, ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேர் தம் திறமையில் நம்பிக்கை தெரிவித்தார்கள். கருவியை நம்புவோம் என்றவர்கள் நால்வருக்கு ஒருவரே! கருவியிடம் குறை காண விரைகிற மனிதன் தன் பெருமையைக் காண மறந்துவிடுகிறான். கழுத்தைத் திருப்ப இயலாத முதியவருக்கும், கை நடுங்கும் புதியவருக்கும் இக்கருவி ஓர் உதவி. உதவி எங்கிருந்து வந்தாலும் அதற்கு நன்றி செலுத்துவதே நம் மார்க்கம் கற்பித்த பண்பு.

ஆயினும் அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. சில கார்கள் நடைபாதையை மிகவும் நெருங்கி நின்றன. சக்கரம் உராய்ந்து சேதப்படும் அளவுக்கு அந்த நெருக்கம் இருந்தது. கருவியின் அளவு எப்போதும் பிழையற்றதன்று.

ஓட்டுநரின் உள்ளத்தில் நிகழும் மாற்றத்தை இனிக் கவனிப்போம். முதல் நாள் ஸ்டீயரிங் தானாகச் சுழல்வதைக் கண்டு அவர் நெஞ்சு படபடக்கிறது. கால் பிரேக்கின் மேலேயே நிற்கிறது. கண் மூன்று கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்க்கிறது. பத்தாம் நாள் கால் சற்றே தளர்கிறது. நூறாம் நாள் கார் நகர்ந்துகொண்டிருக்கும்போதே அவர் கை தொலைபேசியை நாடுகிறது. இயந்திரம் முதல் நாள் இருந்தபடியேதான் இருக்கிறது. விழிப்புத்தான் குறைந்துவிட்டது. நூறு முறை பிசகாத கருவி நூற்றோராம் முறையும் பிசகாது என்பதற்கு என்ன உறுதி? கருவியின் மேல் சேறு படிந்திருக்கலாம். பின்னால் ஒரு பிள்ளை பந்தை எடுக்கக் குனிந்திருக்கலாம். மின்சாரக் கார் மெல்ல நகரும்போது இரைச்சல் எழுவதில்லை. அதனாலன்றோ, அத்தகைய கார்கள் மெதுவாகச் செல்லும்போதும் பின்னோக்கி வரும்போதும் செயற்கையாக ஒலியெழுப்ப வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் செய்து, 2021 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது!

கைத்திறனும் இப்படித்தான் தேய்கிறது. டெஸ்லா நிறுவனம் 2022-இல் தன் புதுக் கார்களிலிருந்து ஒலியுணர் கருவிகளை நீக்கிக் காமிராக்களை மட்டும் நம்பத் தொடங்கியது. அக்கார்களை வாங்கியவர்களுக்குத் தானே நிறுத்தும் வசதி 2024 வரை கிடைக்கவில்லை. பழைய காரில் அவ்வசதிக்குப் பழகிப்போனவர்கள் மீண்டும் தம் கையையும் கண்ணையும் நம்ப வேண்டியதாயிற்று. கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய திறமை நம்முடைய திறமையாகுமா?

இதைவிட ஆழமான குறை ஒன்றுண்டு. இடம் எவ்வளவு என்பதைக் கருவி அளக்கும். அந்த இடம் யாருடையது என்பதை அது அறியாது. அது நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி வரும் வழியாக இருக்கலாம். ஒரு மூதாட்டியின் வீட்டு வாயிலாக இருக்கலாம். கருவிக்கு அது வெற்றிடம் மட்டுமே. சாலைக்கும் ஒரு ஹக்கு உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு அறிவுறுத்தினார்கள். அந்த ஹக்கை அறிந்து கொடுக்க உள்ளம் வேண்டும். திருமறையின் பனீ இஸ்ராயீல் அத்தியாயம், அறிவில்லாத ஒன்றைப் பின்பற்ற வேண்டாம் என்று தடுத்து, செவியும் பார்வையும் இதயமும் விசாரிக்கப்படும் என எச்சரிக்கிறது. மனிதன் காருக்குச் செவியைக் கொடுத்துவிட்டான். பார்வையையும் கொடுத்துவிட்டான். இதயத்தைக் கொடுக்க அவனால் முடியவில்லை. முடியாத அந்த ஒன்றுதான் அவனிடம் எஞ்சி நிற்கும் பொறுப்பு.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். “பொறுப்பையும் இப்போது பிறர் ஏற்கிறார்களே!” உண்மைதான். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் விமான நிலையத்தின் ஒரு கார் நிறுத்தகத்தில், ஓட்டுநர் இறங்கிப் போன பின் கார் தானே சென்று நிற்பதற்கு 2022-இல் அரசு அனுமதி கிடைத்தது. சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம், தன் கார்கள் தாமே நிற்கும் வேளையில் நேரும் இழப்பை அந்நாட்டில் தானே ஏற்பதாக 2025 ஜூலையில் அறிவித்தது. இது வரவேற்கத் தக்கது. பொருளைச் செய்து விற்றவன் அதன் பழுதுக்கு ஈடு கொடுப்பது நியாயமே. சவாரி செய்பவர் தம் பிராணி விளைவிக்கும் சேதத்துக்கு எந்த அளவு ஈடு தர வேண்டும் என்று நம் ஃபிக்ஹு அறிஞர்களும் நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆனால் ஈடு வேறு, கேள்வி வேறு. ஈட்டைப் பணத்தால் அடைக்கலாம், பிறர் தலையிலும் ஏற்றலாம். ‘நீ ஏன் பார்க்கவில்லை?’ என்ற கேள்வியை எவர் தலையில் ஏற்றுவது? தன் கரத்தாலும் நாவாலும் பிறருக்கு ஊறு நேராமல் வாழ்பவரே முஸ்லிம் என்பது நபிமொழி தரும் இலக்கணம். ஸ்டீயரிங்கிலிருந்து கரத்தை எடுத்துவிட்டதாலேயே அதன்பின் நிகழ்வது நம் கரத்தால் நிகழ்ந்ததன்று என்று ஆகிவிடுமா? பொத்தானை அழுத்தியது எவர் விரல்? வானங்களும் பூமியும் மலைகளும் ஏற்க அஞ்சிய அமானிதத்தை மனிதன் சுமந்துகொண்டான் என்று அஹ்ஸாப் அத்தியாயம் உரைக்கிறது. மலை ஏற்காததை இரும்பும் கண்ணாடியுமா ஏற்கப்போகின்றன?

காரில் காணும் இதே நிலை நம் இல்லங்களிலும் உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தோம், மதரஸாவிலும் சேர்த்தோம், நம் கடமை முடிந்தது என்கிறோம். முதிய பெற்றோருக்குப் பணிப்பெண்ணை அமர்த்தினோம். மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம். நம் கடமை முடிந்தது என்கிறோம். ஆசிரியரும் பணிப்பெண்ணும் நம் வேலையில் பங்கு கொள்ளலாம். மகனாகவும் தந்தையாகவும் நம்மிடம் கேட்கப்படும் கேள்விக்கு அவர்கள் விடை சொல்ல மாட்டார்கள்.

நிஸ்ஸான் லீஃப் காரைச் செய்தவர்கள் ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். அது தானாக நின்று முடியும் வரை ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் கார் நின்றுவிடும். வேலை இயந்திரத்துடையது, சம்மதம் ஒவ்வொரு கணமும் மனிதனுடையது. ஒட்டகையைக் கட்டிவிட்டு இறைவன் மீது நம்பிக்கை வைப்பதா, கட்டாமலே நம்பிக்கை வைப்பதா என்று வினவியவரிடம், கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கும்படியே நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். கயிறு எத்துணை உறுதியாக இருப்பினும் முடிச்சிட்டவன்தான் அதை இழுத்துப் பார்க்க வேண்டும். புதுப்புதுக் கயிறுகள் இன்னும் வரும். அவற்றை மகிழ்வோடு பயன்படுத்துவோம். ஆனால் முடிச்சை நம் கண்ணாலேயே பார்ப்போம். அந்த விழிப்பை வல்ல ரஹ்மான் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக!