கண் முதலில் எங்கே போகிறது?

புனேயில் வானவடியிலிருந்து எம்ப்ரஸ் கார்டன் பக்கம் வந்தால் கத்தோலிக்கர்களின் புனித பேட்ரிக் பேராலயம். 1850-இல் கட்டியது. பாளையத்தில் இருந்த ஐரிஷ் சிப்பாய்கள் ஆளுக்கு ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். அங்கிருந்து கேம்ப்புக்குள் போனால் ஆங்கிலிக்கன்கள் கட்டிய புனித மேரி ஆலயம். திருச்சிக்காரர்களுக்குக் கல்லூரிப் பெயராகப் பழகிப்போன அதே பிஷப் ஹீபர் 1825-இல் வந்து பிரதிஷ்டை செய்தது. இரண்டும் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காக எழுந்தவைதான். ஒரே பட்டாளம், ஒரே ஏசு. தொழுவதற்கு மட்டும் வேறு வேறு கூரை.

ஏன் என்று உள்ளே போனால் தெரியும். கத்தோலிக்கர் வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்துச் சிலுவை போட்டுக்கொள்வார். பெஞ்சுக்குள் நுழையுமுன் வலது காலை மடித்து ஒரு முறை முழங்காலிடுவார். நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் எரியும் சின்ன விளக்கு, பெரும்பாலும் சிவப்புக் கண்ணாடிக்குள் இருக்கும், அதைப் பார்த்துத்தான் அந்த வணக்கம். விளக்கு எரிந்தால் பேழைக்குள் ஆண்டவர் இருக்கிறார் என்று பொருள். ஆகவே செவ்வாய்க்கிழமை மதியம் ஈ காக்கை இல்லாவிட்டாலும் அது ஆள் இருக்கிற வீடு. தமிழ்க் கத்தோலிக்கர் ‘கோவிலுக்குப் போகிறோம்’ என்று சொல்வது வெறும் வாய்ப்பழக்கம் இல்லை.

கூடவே ஒரு சி.எஸ்.ஐ. நண்பரை அழைத்துப் போய்ப் பாருங்கள். அவருக்குத் தொட்டியும் வேண்டாம், முழங்காலும் வேண்டாம். உட்கார்ந்ததும் தலையைக் குனிந்து ஒரு சின்ன ஜெபம். பிறகு அவர் கண் பிரசங்க பீடத்தைத் தேடும். வேதம் வாசிக்கப்பட வேண்டும், அது விளக்கப்பட வேண்டும். அதற்குத்தான் அவர் வந்திருக்கிறார். சிலுவையில் ஏசுவின் உடல் இருக்காது, உயிர்த்தெழுந்துவிட்டாரே என்பார். சுரூபங்களும் இல்லை. ஆனால் புனித மேரி ஆலயத்துச் சுவர்களைப் பாருங்கள்: இறந்துபோன அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் பளிங்குப் பலகைகள். புனிதர்களுக்குக் கிடைக்காத சுவர் பட்டாளத்துக்காரர்களுக்குக் கிடைத்திருக்கிறது!

வெளித்தோற்றத்தை நம்பி ஏமாறவும் கூடாது. ஸ்டேஷன் பக்கம் 1860-களில் ஆங்கிலிக்கன்கள் கட்டிய புனித பால் ஆலயத்துக்கு மாதிரி, பாரிஸின் சேன்ட் ஷப்பெல். அது பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி, ஏசுவின் முள்முடி என்று நம்பப்பட்ட பொருளை வைத்து வணங்கக் கட்டிய சிற்றாலயம். திருப்பண்ட வணக்கத்தை ஒதுக்கியவர்கள் அதற்கென்றே எழுந்த கட்டடத்தின் அழகை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு மரபு, கேரளத்துச் சுரியானிக் கோவில்கள். அங்கே பீடத்துக்கு முன்னால் திரை தொங்கும். குர்பானா என்கிற பூசையின் நடுவே அது மூடும், திறக்கும். நம்மூர்க் கருவறைத் திரை நினைவுக்கு வராமல் போகாது.

பெந்தெகொஸ்தே சபை நேர்மாறு. மறைக்க எதுவும் இல்லை: மேடை, மைக், கீபோர்டு, டிரம்ஸ், சில இடங்களில் முழுக்கு ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர்த் தொட்டி. 1924-இல் இலங்கையில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷன் கூடங்களில் பெஞ்சுகூட இல்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில் உட்கார்வார்கள். வேறு சில சபைகளுக்குச் சொந்தக் கூடமே இல்லை: சனிக்கிழமை வரை வாடகை ஹால், ஞாயிறு காலையில் சபை. கூட்டம் கலைந்ததும் நாற்காலிகளை அடுக்கிவிட்டால் மறுபடி ஹால். இதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. ‘சபை’ என்றாலே கூடியிருக்கும் ஆட்கள்தானே. கட்டடத்துக்கு அந்தப் பெயரை அவர்கள் இரவல்தான் கொடுக்கிறார்கள்.

கத்தோலிக்கக் கோவிலும் அப்படியே நின்றுவிடவில்லை. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், சுவரை ஒட்டியிருந்த பீடம் முன்னால் நகர்ந்தது. அதுவரை மக்களுக்கு முதுகு காட்டிப் பூசை வைத்த சாமியார் திரும்பி அவர்கள் முகத்தைப் பார்த்தார். சில அடி நகர்வுதான். பழைய ஆட்களுக்கு அது பழகவே பல வருஷம் ஆயிற்று.

அடுத்த முறை எம்ப்ரஸ் கார்டன் போகும்போது, பேராலயம் திறந்திருந்தால் உள்ளே போய் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். கிழமை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.