அறுக்காத நூல்

துண்டுத்துணிகளை இணைத்துப் போர்வை தைப்பவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி ஒரு கட்டத்தை எடுத்தால் அதை முழுசாக முடித்து, தேய்த்து, தள்ளிவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும். மற்றது சங்கிலியாகத் தைக்கும் கட்சி. இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, ஓரத்தில் கால் அங்குலம் விட்டு ஓட்டுவார்கள். ஓட்டியதும் நூலை அறுப்பதில்லை, மிஷினின் பாதத்தைத் தூக்குவதில்லை. பின்னாலேயே அடுத்த ஜோடி. நடுவில் இரண்டு மூன்று தடவை ஊசி துணியில்லாமல் குத்தி எழும். நாற்பது ஜோடி ஆனதும் மிஷினுக்குப் பின்னால் நாற்பதும் தோரணமாக ஒரே நூலில் தொங்கும். நூல் மிச்சம், நேரம் மிச்சம். ஆனால் தொங்குகிற நாற்பதில் ஒன்றுகூட முடிந்ததாகாது.

நான் முதல் கட்சி. பொத்தான் தைக்கக்கூடத் தெரியாதவனுக்குக் கட்சி எதற்கு என்று கேட்கலாம். கவிதை எழுதுகிறவர்களிலும் இந்த இரண்டு ரகம் இருப்பதால் எனக்கு அபிப்பிராயம் உண்டாகிவிட்டது. ஒன்பது அரைக் கவிதைகளை மேஜை டிராயரில் போட்டுவைத்து, ஒவ்வொன்றுக்கும் தினம் ஒரு வரி ஊட்டுகிறவரை நான் நம்பியதில்லை.

என் கட்சிக்குத் துணையாக ஸிமோன் வெய்லை வைத்திருந்தேன். தத்துவ ஆசிரியையாக இருந்த அவர் 1934 டிசம்பரில் பாரிஸில் ஒரு மின்கருவித் தொழிற்சாலையிலும், 1935-ல் ரெனோ கார் தொழிற்சாலையிலும் கூலியாளாக இருந்து பார்த்தவர். கௌரவமான எந்த உடலசைவிலும் கண்சிமிட்டும் நேரத்துக்காவது ஒரு நிற்றல் உண்டு, லயம் என்பதன் ரகசியமே அதுதான் என்று அவர் கண்டார். நடவு நடுகிறவள் நிமிர்கிறாளே, அது. தொழிற்சாலை அந்த நிற்றலை எடுத்துவிடுகிறது, மிஞ்சுவது வேகம். சங்கிலித் தையலும் அதைத்தானே செய்கிறது? நூலை அறுக்கும் கணம்தான் தைக்கிறவள் தான் செய்ததைப் பார்க்கும் கணம்.

இன்னொரு துணையும் இருந்தது. கர்நாடகத்தின் வடகன்னட ஜில்லாவில் சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தி. பழந்துணித் துண்டுகளை ஓரத்திலிருந்து வைத்துக் கையால் ஓடுதையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். இணைப்பதும் போர்வையாக்குவதும் அங்கே ஒரே காரியம், பிரிக்க முடியாது. மூலைகளில் மடித்த சிறு துணிப்பூக்கள் வைக்காவிட்டால் போர்வை அம்மணமாக இருப்பதாக அவர்கள் கருதுகிறார்கள். (நமக்கு இப்படியொன்று வாய்க்கவில்லை. வங்காளத்தில் காந்தா என்று போர்வைக்கே பெயரான சொல், குளிரில்லாத இந்தப் பக்கத்தில் கந்தை என்று கிழிசலாகவே நின்றுவிட்டது.)

இவ்வளவு சித்தாந்தத்தையும் வைத்துக்கொண்டுதான் கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவில் இருக்கும் பெண்மணியிடம் பேசினேன். 1984-ல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் வந்த பிறகு இந்த வட்டாரத்தில் தையல் தெரிந்த பெண்களுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்று சாத்தியமாயிற்று. இவரும் ஒரு கம்பெனியில் பதினொரு வருஷம் சட்டைக் காலர் தைத்தவர். காலர் மட்டும். முழுச் சட்டையை இஸ்திரி மேஜையில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இப்போது வீட்டில் பழைய உஷா மிதிமிஷின். தையல்கடைகளில் கிலோ கணக்கில் வெட்டுத்துணி வாங்கிவந்து விரிப்பு தைக்கிறார். எப்படி? சங்கிலியாக.

மிஷின் மாறியதே தவிரக் கை மாறவில்லை. துணியில்லாமல் ஓட்டினால் மிதிமிஷினில் நூல் சிக்கும் என்று முதலில் ஒரு கழிவுத் துண்டைக் கொடுத்து ஆரம்பிக்கிறார். அமெரிக்கப் பெண்களும் இப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. ஒவ்வொரு கட்டமாக முடித்துப் பார்க்கக் கூடாதா, இங்கே யார் விரட்டுகிறார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணொண்ணா முடிச்சா மொதல் கட்டத்து மேலயே ஆசை வந்துடும் சார். அப்புறம் மத்ததெல்லாம் கடனுக்குத் தைக்கிற மாதிரி ஆயிடும்."

இந்தப் பதிலைப் பல நாள் தூக்கிக்கொண்டு அலைந்தேன். நாற்பதையும் சமமாக அரைகுறையில் வைத்திருப்பது ஒரு நியாயம் என்கிறார். என் கட்சியில் இந்த வாதத்துக்குப் பதில் கிடையாது. ஆனால் சந்தேகம் உடனே வந்தது: பேசுகிறது அவரா, பதினொரு வருஷமா? நார்வேக்காரரான யூன் எல்ஸ்டர் 1983-ல் 'புளிப்புத் திராட்சை' என்றே பெயர் வைத்து ஒரு புத்தகம் எழுதினார். கைக்கு எட்டுவதற்கு ஏற்ப ஆசையே வளைந்துகொள்ளுமானால், அந்த ஆசை நிறைவேறுவதற்கு என்ன மதிப்பு என்பது அவர் கேள்வி. நல்ல கேள்விதான். அதை அடுத்த வீட்டுப் பெண்மணிமேல் பிரயோகிக்கும்போது கேட்கிறவன் நீதிபதியாகிவிடுகிறான் என்பது மட்டும் இடிக்கிறது. முடித்து முடித்துப் பார்க்கும் என் விருப்பம் எங்கே வளைந்தது? ஓய்வுள்ள குமாஸ்தா வாழ்க்கையில்தான். அதை யாரும் விசாரிப்பதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து தோரணத்தை அறுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஜோடியையும் விரித்து, வெளிச்சத்தில் திருப்பி, விரல்நகத்தால் மடிப்பை அழுத்தி, பிறகு நூலை வெட்டினார். கம்பெனியில் நூல் வெட்டுவது ஹெல்பர் பெண்களின் வேலை. அவர் தைத்த காலர்கள் அறுபடுவதை அவர் பார்த்ததே இல்லையாம். வெய்ல் சொன்ன நிற்றல்களையெல்லாம் வழியில் செலவழிக்காமல் சேர்த்துவைத்து ஒரே சாயங்காலத்தில் எடுத்துக்கொள்கிறாரோ என்று தோன்றியது. இதுவும் என் கற்பனையாக இருக்கலாம்.

நானும் கொஞ்சம் வெட்டித் தரட்டுமா என்றேன்.

"வேணாம் சார்" என்றார், கத்தரியைக் கொடுக்காமல். "அந்த முனையை மட்டும் பிடிச்சுக்குங்க. தரையில படுது."