கடலுக்கு உரமிடல் ஆகுமா?

ராயகிரிப் பக்கத்து உழவரிடம் அன்னபேதி உப்பு என்று சொன்னால் உடனே விளங்கும். இளங்குருத்து பச்சையிழந்து வெளுக்கும்போது அதைத் தண்ணீரில் கரைத்துப் பயிர்மேல் தெளிப்பதுண்டு. மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாத குறையை அச்சிறிதளவு உப்பு தீர்த்துவிடுகிறது. வயல் அவருடையது, பிழைத்தால் நட்டமும் அவருடையதே. ஆகவே அது ஆகுமா, ஆகாதா என்று எவரும் கேட்பதில்லை.

அதே உப்பை 2009ஆம் ஆண்டு சனவரி இறுதியில் ஒரு கப்பல் தென் அட்லாண்டிக் கடலில் டன் கணக்கில் கரைத்து ஊற்றிற்று. கப்பல் செருமனியின் ‘போலார்ஸ்டெர்ன்’. சோதனைக்கு ‘லோஹாஃபெக்ஸ்’ என்று பெயர். ‘லோஹா’ என்பது இரும்பைக் குறிக்கும் இந்திச் சொல். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் வாஜிஹ் நக்வியும், ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனத்தின் விக்டர் ஸ்மெட்டாசெக்கும் அதனை நடத்தினர். உடன் சென்ற அறிஞரில் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டவர். கப்பல் புறப்பட்டபின் கடும் எதிர்ப்பு எழுந்தது. செருமனி அரசு வேலையை நிறுத்திவைத்து, தீங்கு நேருமா என ஆராய்ந்த பின்னரே அனுமதி வழங்கிற்று. கேட்க வேண்டிய கேள்விதான்: கடல் யாருடைய வயல்?

ஊற்றியதன் நோக்கத்தை முதலில் அறிவோம். கடலின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத மிதவைத் தாவரங்கள் கோடானுகோடி வாழ்கின்றன. உலகில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இவற்றின் உழைப்பு. கொச்சிக் காயலில் இவற்றின் விளைச்சலை அளந்தறிந்தவர் சையத் சஹூர் காசிம். 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கிளம்பி, 1982 சனவரி 9ஆம் நாள் தென்துருவக் கண்டத்தில் இறங்கிய முதல் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய பெயர் அது.

இத்தாவரங்கள் கரியமில வாயுவை உட்கொண்டு வளர்கின்றன. இறந்து ஆழத்தில் மூழ்கினால் அக்கரியும் உடன் மூழ்கும். தென்துருவக் கடலிலோ மற்றச் சத்துகள் நிறைந்திருந்தும் பெரும்பகுதியில் இவை செழிப்பதில்லை. இரும்பின் பற்றாக்குறையே காரணம் என்று வற்புறுத்தியவர் அமெரிக்க அறிஞர் ஜான் மார்ட்டின். அரைக் கப்பல் இரும்பு கிடைத்தால் ஒரு பனியுகத்தையே வரவழைத்துக் காட்டுவதாக அவர் 1988இல் விளையாட்டாகச் சொன்னார். விளையாட்டை மெய்யென எடுத்துக்கொண்ட சிலர் பின்னாளில் வணிகத் திட்டமே தீட்டலாயினர்.

துருவக் கடல் என்றால் எங்கும் ஒரே நீர் என்று எண்ணிவிடலாகாது. ஊர்க்குளத்தில் படரும் பாசி வேறு, கிணற்றுப் படியில் வழுக்கும் பாசி வேறு என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவர். வடதுருவக் கடலில் பேராறுகள் வந்து கலப்பதால் இரும்புக்குப் பெரும்பாலும் குறைவில்லை. கோடையில் அங்கே தீர்ந்துபோவது நைட்ரேட்டு. தென்துருவத்தை ஒட்டிய நீரில் சிலிக்கா மிகுதி. ஆகவே கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு கட்டி வாழும் டயாட்டம்கள் அங்கே தழைக்கும். அவற்றைக் கிரில் என்னும் சிற்றிறால் போன்ற உயிர் தின்னும். கிரிலைத் திமிங்கலமும் பெங்குவினும் தின்னும். சற்று வடக்கே வந்தால் சிலிக்கா குறைந்து, சாட்டை போன்ற இழையால் நீந்தும் நுண்ணுயிர்கள் மேலோங்கும். ராஸ் கடலில் அடுத்தடுத்த நீர்ப்பரப்புகளிலேயே குடிகள் மாறுகின்றன.

இதன் விளைவைப் பாருங்கள். 2004இல் இதே கப்பலிலிருந்து இரும்பு ஊற்றியபோது டயாட்டம்கள் பெருகின. அப்பெருக்கில் பாதிக்குக் குறையாமல் ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கிற்று. 2009இல் தேர்ந்த சுமார் 300 சதுர கிலோமீட்டர் நீரில் சிலிக்கா முன்னமே தீர்ந்துபோயிருந்தது. இரும்பு விழுந்ததும் சிற்றுயிர்களே பெருகின. அவற்றைப் பிற நுண்விலங்குகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குச் சென்ற கரி மிகச் சொற்பம்.

நிய்யத்தும் இரண்டு முறையும் ஒன்று, உப்பும் ஒன்று. வேறுபட்டவர்கள் அந்நீரின் குடிகளே. நல்லெண்ணம் இருந்தால் போதும் என்போர் இதற்கு என்ன சொல்வர்? யார் வாழ்கிறார் என்றறியாத வீட்டுக்குள் உணவைக் கொட்டுவதும் அத்துமீறலே அன்றோ?

இதனைக் கொண்டு சோதனையே கூடாது என்று நாம் தீர்ப்பளிக்கவில்லை. 2009ஆம் ஆண்டுச் சோதனை நடவாதிருந்தால், 2004இன் வெற்றியை மட்டும் காட்டி வணிகர் கடலை விலைபேசியிருப்பர். சிறிய பரப்பு, பகிரங்கமான விசாரணை, எதிர்பாராத முடிவையும் மறைக்காத நேர்மை ஆகிய மூன்றும் இருந்தமையால் அது ஆகுமானதே என்பது நம் கருத்து. பெரும்பரப்பில் ஆண்டுதோறும் ஊற்றுவது முற்றிலும் வேறு. தலைமடையில் நீரை முழுதும் தேக்கிக்கொண்டால் கடைமடை வயல் என்னாகும் என்பது குளத்துப் பாசனம் கண்ட நமக்குத் தெரியும். தென்கடல் ஒரு தலைமடை. அங்கே செலவாகாது எஞ்சும் சத்துகள் ஆழ்நீரோடு வடக்கே வந்து வெப்பக் கடல்களை ஊட்டுகின்றன. அங்கேயே அவற்றைச் செலவழித்துவிட்டால் பிற்காலத்தில் குறைவது கடைமடைக் கரையில் வலை வீசுவோரின் மீனாகவும் இருக்கலாம். அவரிடம் ஒப்புதல் கேட்டவர் யார்? நம் வண்டிகளும் ஆலைகளும் விட்ட புகையைக் குறைக்காமல், அமானிதமாக வந்த கடலின் தலையில் அக்கடனை ஏற்றுவது வேறொரு அநீதி.

2012இல் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ நூறு டன் இரும்பு உப்புக் கலவை ஊற்றப்பட்டது. ஹைடா மக்களின் சிற்றூர் ஒன்று, சால்மன் மீன்வளம் குன்றியதால் மனம் நொந்து, வாக்கெடுத்துக் கடன் வாங்கி அதற்குப் பணம் கொடுத்தது. மீன் திரும்பும், கரிக் கணக்கை விற்றுக் கடனும் அடையும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அம்மக்களை நம்மால் பழிக்க முடியவில்லை. நம்பிக்கையை விற்றவர்களை அப்படி விட்டுவிடவும் இயலவில்லை. வாக்களித்தது ஓர் ஊர். உப்பு விழுந்த நீரோ அவ்வூர் எல்லைக்குள் நிற்பதன்று.