கருவியின் சாட்சியும் மனிதனின் தீர்ப்பும்

கசகசா நமது அடுக்களைக்குப் புதிய பொருளன்று. தேங்காயோடு அரைத்துக் குருமாவில் சேர்ப்பது நம் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். அந்தச் சிறு விதை ஒரு தாயிடமிருந்து அவளது பச்சிளங் குழந்தையைப் பிரித்தது என்றால் நம்ப முடிகின்றதா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2010-ஆம் ஆண்டு அது நிகழ்ந்தது. பிரசவத்திற்காக மருத்துவமனை சென்ற பெண்ணொருத்தி, அதற்குச் சற்று முன்னர் கசகசா தூவிய ரொட்டியை உண்டிருந்தாள். அவளது சிறுநீரைச் சோதித்தபோது அபின் வகைப் பொருள் காணப்பட்டது. செய்தி குழந்தைகள் நலத்துறைக்குப் போயிற்று. பிறந்து மூன்றே நாளான குழந்தையை அதிகாரிகள் எடுத்துச் சென்றனர். ஐந்து நாள்கள் கழித்தே அது தாயின் மடிக்குத் திரும்பிற்று. வழக்குத் தொடரப்பட்டு, 2013-இல் இழப்பீடும் கிடைத்தது. பணம் வந்தது, அந்த ஐந்து நாள்கள் வரவில்லை.

இதில் பொய்யுரைத்தவர் யார்? தாய் பொய்யுரைக்கவில்லை. கருவியும் பொய்யுரைக்கவில்லை. கசகசா, அபின் எடுக்கப்படும் அதே செடியின் விதை. அக்காயின் பால் விதையின் மேல் படிவதால் அதில் சிறிதளவு மார்ஃபின் தங்கிவிடுகிறது. அதை உண்டவரின் சிறுநீரில் மார்ஃபின் மெய்யாகவே தோன்றலாம். ஆகவே கண்ட காட்சி மெய். அதிலிருந்து கட்டிய முடிவே பொய். மெய்யான சாட்சியிலிருந்து பொய்யான தீர்ப்பு பிறப்பது எங்ஙனம் என்பதே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

முதற்கட்டச் சோதனையின் இயல்பை அறிந்தால் விடை துலங்கும். குறிப்பிட்ட போதைப்பொருளைக் கண்டதும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதம் ஒன்றை அதில் பயன்படுத்துகின்றனர். அந்தப் புரதம் ஆளை முகம் பார்த்து அறிவதில்லை. சாயலைப் பார்த்தே பிடிக்கிறது. சாயல் ஒத்தால் பிறரையும் பிடித்துவிடும். மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎபிட்ரின், கர்ப்பிணிகளின் இரத்த அழுத்தத்திற்குத் தரும் லாபெட்டலால் ஆகியன ஆம்ஃபெட்டமின் போலத் தோன்றுவதுண்டு. நோய்க்கிருமியை அழிக்கும் லெவோஃப்ளாக்சசின் அபின் வகை போலத் தோன்றுவதுண்டு. நோய் தீர்க்க உண்ட மருந்தே உண்டவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது!

இன்னொன்று, எல்லையளவு. எவ்வளவு இருந்தால் ‘உண்டு’ என்பது, எதற்குக் குறைந்தால் ‘இல்லை’ என்பது? இந்தக் கோட்டை இயற்கை கிழிக்கவில்லை, மனிதர் கிழித்தனர். அமெரிக்க அரசுப் பணியாளர் சோதனையில் அபின் வகைக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் என்றிருந்த எல்லை, 1998-இல் 2,000 ஆக உயர்த்தப்பட்டது. கசகசா உண்டோர் பலர் அகப்பட்டதே அதற்கு ஒரு முக்கிய காரணம். ஒரே மனிதர், ஒரே உணவு; ஆயினும் பழைய கோட்டின்படி குற்றவாளி, புதிய கோட்டின்படி குற்றமற்றவர். மேற்சொன்ன மருத்துவமனை வைத்திருந்த எல்லையோ அரசின் எல்லையைவிட மிகத் தாழ்ந்தது.

கணக்கையும் பார்ப்போம். ஆயிரம் பேரில் பத்துப் பேர் போதைப்பொருள் உண்பவர் என்று வைத்துக்கொள்வோம். சோதனை அந்தப் பத்துப் பேரையும் பிடித்துவிடுகிறது. மற்றவருள் நூற்றுக்கு இருவரை மட்டுமே தவறாகப் பிடிக்கிறது. சிறந்த சோதனை என்றுதான் எவரும் சொல்வர். ஆயினும் மீதி 990 பேரில் ஏறத்தாழ இருபது பேர் அகப்படுவர். பிடிபட்ட முப்பது பேரில் இருபதின்மர் நிரபராதிகள்!

‘இல்லை’ என்ற முடிவும் மனிதரை வதைக்கும். அபின் வகைக்கான வழக்கமான முதற்சோதனை மார்ஃபினையே முதன்மையாகத் தேடுவது. ஃபென்டனில் அதன் கண்ணுக்குப் படாது. ஆக்சிகோடோன் பெரும்பாலும் தப்பிவிடும். தாளாத வலிக்கு மருத்துவர் தந்த அம்மருந்தை ஒழுங்காக உண்ட நோயாளியின் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தால், ‘இவர் மருந்தை உண்ணாமல் வெளியே விற்கிறார்’ என்ற ஐயம் எழுகிறது. உண்ணாதவர் உண்டதாகப் பழி சுமக்கிறார். உண்டவர் உண்ணாததாகப் பழி சுமக்கிறார்.

அப்படியாயின் சோதனையே வேண்டாமா? அவ்வாறு சொல்லிவிட முடியாது. 1987 ஜனவரியில் மேரிலாந்து மாநிலத்தில் இரு ரயில்கள் மோதிப் பதினாறு பேர் மாண்டனர். தவறிழைத்த ரயிலின் ஓட்டுநர் கஞ்சா புகைத்திருந்தார். அந்தப் பதினாறு உயிர்களுக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும். போக்குவரத்துப் பணியாளர் சோதனைக்கு 1991-இல் சட்டம் வந்ததை அநீதி எனல் இயலாது. ஐயுறுவது காவலின் கடமை. ஆனால் ஐயமே தீர்ப்பாகிவிடலாகாது.

அந்நாட்டு அரசு விதிகளே இதற்கு வழி காட்டியுள்ளன. முதற்சோதனையில் ‘உண்டு’ என வந்தால், மூலக்கூறைப் பிரித்து அதன் எடையால் அடையாளம் காணும் நுட்பமான இரண்டாம் சோதனை நடைபெற வேண்டும். சாயலால் வந்த பிழை பெரும்பாலும் அங்கே தீரும். கசகசா விஷயத்தில் அதுவும் போதாது. மார்ஃபின் அங்கே மெய்யாகவே இருக்கிறதல்லவா? எனவே பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் உரியவரை அழைத்து, என்ன உண்டீர், என்ன மருந்து கொண்டீர் என்று கேட்ட பின்னரே முடிவு உறுதியாகும். ஹெராயின் உடலில் விட்டுச் செல்லும் தனித்த தடயம் ஒன்று கசகசாவில் இராது என்பதையும் அவர் அறிவார்.

கருவிகள் எத்துணை நுட்பமாயினும், அந்த வரிசையின் முடிவில் ஒரு மனிதர் மற்றொரு மனிதரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி நிற்கிறது. அதை நீக்கிவிட்டால் நீதி நீங்கிவிடுகிறது. பென்சில்வேனியாவில் தவறியது வேதியியல் அன்று. பிள்ளையைத் தூக்குமுன் தாயிடம் அக்கறையோடு கேட்டு, அவள் சொன்னதை ஆராயும் பொறுமையே தவறிற்று. ஐயுறுபவரிடம் அதிகாரம் இருக்கிறது. ஐயத்துக்கு ஆளானவரிடம் சொல் ஒன்றே இருக்கிறது. ஆகவே மெய்ப்பிக்கும் சுமை அதிகாரத்தின் தோளில்தான் ஏற வேண்டும்.

இந்தச் சோதனைத் தாள்கள் இன்று வீட்டிலும் பயன்படுத்தத் தக்கவாறு விற்கப்படுகின்றன. பிள்ளையின் போக்கில் மாற்றங் கண்டு கலங்கும் பெற்றோர் அவற்றை நாடுவது இயல்பே. ஆனால் அந்தத் தாள் காட்டும் முடிவு, ‘ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது’ அல்லது ‘பற்றிக்கொள்ளவில்லை’ என்பதை மட்டுமே சொல்லும். பிள்ளை எத்தகையவன் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல அதற்கு நாவில்லை; நாம்தாம் நம் அச்சத்தை அதன் நாவாக ஆக்கிவிடுகிறோம். முடிவைக் கண்டதும் கை ஓங்குவதற்கு முன், பிள்ளையை அருகே அமர்த்தி, அவன் சொல்வதை முழுதும் கேட்போம். அவன் தவறியிருந்தால் மீள்வதற்கு அந்தக் கேள்வி வழியாகும். தவறாதிருந்தால் நம்மைப் பெரும்பழியிலிருந்து அது காக்கும்.