கால் சுற்று

பெரம்பூரில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்து அறை. கட்டிலுக்கு அடியிலிருந்து அவர் அந்தப் பெட்டியை இழுத்தார். தூசு படாமலிருக்க மேலே ஒரு வெள்ளை வேட்டி சுற்றியிருந்தது. வேட்டியை உதறி, நான்காக மடித்து, தலையணை மேல் வைத்த பிறகுதான் பெட்டியின் கொக்கிகளை விடுவித்தார். உள்ளே ஆறு தந்தி பாஸ் கிட்டார். தந்திகள் கறுத்து, கொடிக்கயிறு போலத் தொய்ந்து கிடந்தன.

"பத்து வருஷமா எல்லாத் தந்தியையும் லூஸ் பண்ணித்தான் வெச்சிருக்கேன் தம்பி. அவ்வளவு நாள் உழைச்சதாச்சே, ரெஸ்ட் எடுக்கட்டும்னு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச், மற்ற நாள் மாலையில் கல்யாண ரிசப்ஷன் மேடை என்று முப்பது வருடம் வாசித்தவர். நாலரை கிலோவைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு மணி நேரம் நின்று நின்று முதுகு போனது. பையன் 'இனிமே வேணாம்பா' என்றான், நிறுத்திவிட்டார். இதையெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருடைய வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நாற்காலிக் கையில் மாறி மாறித் தட்டிக்கொண்டே இருந்தன. அது பாஸ் வாசிப்பவரின் நடை. அவருக்கே அது தெரியவில்லை.

இருபத்திரண்டு சொன்னார், பதினாறு கேட்டேன், பதினெட்டாயிரத்துக்கு முடிந்தது. வாசல்வரை வந்து, ஆட்டோவில் பெட்டியைக் குறுக்கே வைக்காதே, நிமிர்த்தி வை என்றார்.

ஆறு தந்தி எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1951-ல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பாஸ் என்ற மின்சார பாஸைக் கொண்டுவந்தபோது, ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பாஸின் நான்கு தந்திகளையே அதற்கும் வைத்தார். உலகம் அதையே வழக்கமாக்கிக்கொண்டது. நியூயார்க்கின் பாஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கிட்டார் குடும்பத்தின் அடிக்குரல்தானே இது, கிட்டாருக்கு ஆறு என்றால் இதற்கு ஏன் நான்கு என்பது அவர் வாதம். 1970-களின் நடுவில் கார்ல் தாம்ப்சன் என்ற கைவினைஞரிடம் சொல்லி ஆறு தந்தி பாஸ் ஒன்றைச் செய்ய வைத்தார். கீழே ஒரு பி, மேலே ஒரு சி. நான்கு தந்தியின் கடைசிக் குரல் நொடிக்கு 41 அதிர்வு. இந்த பி தந்தி 31-க்கு இறங்குகிறது. மனிதக் காது கேட்கக்கூடிய தரைமட்டம் 20. கிணற்றில் இன்னும் நாலு படி கீழே இறங்கியது போல.

அந்த ஆழத்தைத் தொடும் ஆசையில்தான் நானும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் போர்வை விரித்துக் கிடத்தித் தந்திகளைக் கழற்றினேன். விரல் பலகை ஈட்டி மரம். பத்து வருட அழுக்கைப் பழைய பனியன் துணியால் துடைத்து, எலுமிச்சை எண்ணெய் தடவியதும் அந்தக் கருஞ்சிவப்பு மேலெழுந்து வந்தது. குறுக்கே 24 பிரெட்டுகள். வீணைக்கும் 24 மெட்டுதான். அங்கே மெழுகில், இங்கே மரத்தில் வெட்டிய பள்ளத்தில்.

விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், உலோகத்தில் அவருடைய முப்பது வருடம் தெரிந்தது. ஈ தந்திக்குக் கீழே மூன்றாவது பிரெட்டில் ஒரு பள்ளம்: அது ஜி. ஏ தந்திக்குக் கீழே ஐந்தாவதில் இன்னொரு பள்ளம்: அது டி. பாடுகிறவர்களின் தொண்டைக்குத் தோதான சுருதிகள். நடுவில் இருந்த நான்கு தந்திகளின் தடம்தான் பிரெட்டுகள் முழுக்க. ஓரத்து இரண்டின் கீழே உலோகம் கடையிலிருந்து வந்த அன்று போலவே மின்னியது. ஆறு வாங்கி, நான்கில் பிழைப்பு நடத்தியிருக்கிறார்.

மின்சாரப் பகுதியை விரைவாகச் சொல்லிவிடலாம். பின்மூடியைக் கழற்றினால், மறந்துபோன 9 வோல்ட் பேட்டரி கசிந்து பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வால்யூம் குமிழைத் திருகினால் கடலை வறுக்கும் சத்தம். ரிச்சி தெருவில் ஒரு கிளிப், ஒரு ஜாக், ஒரு குப்பி கான்டாக்ட் கிளீனர். ஒரு மாலை சால்டரிங். முடிந்தது.

முடியாதது கழுத்து. புதுத் தந்தி மாட்டிச் சுருதி கூட்டினேன். முதல் நான்கைந்து பிரெட்டுகளில் எங்கே அழுத்தினாலும் தந்தி இரும்பில் பட்டு 'ஜர்ர்' என்றது. கழுத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. தந்தியை முதல் பிரெட்டிலும் கடைசி பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொள்ள வேண்டும். இழுத்துக் கட்டிய நூல் போல அது ஓர் அளவுகோல் ஆகிவிடும். இப்போது எட்டாவது பிரெட்டுப் பக்கம் தந்திக்கும் பிரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு சந்து இருக்க வேண்டும். எனக்குக் கார்டு என்ன, காகிதம்கூட நுழையவில்லை. கழுத்து பின்பக்கமாக வளைந்திருந்தது.

இது எனக்குப் புரியவில்லை. ஆறு தந்தியும் சுருதியில் நிற்கும்போது கழுத்தை முன்னால் இழுக்கும் விசை ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமம். பழைய வாத்தியத்தின் கழுத்து வளைந்தால் முன்பக்கமாகத்தானே வளைய வேண்டும்?

விடை கழுத்துக்குள்ளே இருந்தது. மரத்துக்கு உள்ளே, கண்ணில் படாமல், ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. டிரஸ் ராட் என்பார்கள். கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ 1920-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற உத்தி. தந்திகள் முன்னால் இழுக்க, கம்பி பின்னால் இழுக்கிறது. இரண்டு இழுவைக்கும் நடுவில்தான் கழுத்து நிற்கிறது. பெரம்பூர்க்காரர் அன்பினால் தந்திகளைத் தளர்த்தினார். கம்பியைத் தளர்த்தவில்லை, அப்படி ஒன்று உள்ளே இழுத்துக்கொண்டிருப்பது அவர் நினைவில் இல்லை. எதிர்த்து இழுக்க ஆளில்லாத கம்பி, பத்து வருடம் ராப்பகலாகக் கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்த வாத்தியத்தை வளைத்தது பாரம் இல்லை. பாரத்தை இறக்கி வைத்தது.

சரிசெய்யும் முறை இதுதான். ஆலன் கீயைப் போட்டு, கம்பியைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். தந்தியை மறுபடி சுருதிக்குக் கூட்ட வேண்டும். பிறகு ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும். மரம் உடனே பதில் சொல்லாது. அவசரப்பட்டு ஒரே மூச்சில் திருகினால் கழுத்து எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. இறுக்கும்போது அப்படிச் செய்தால் சில சமயம் கம்பியே அறுந்துவிடும். கால் சுற்று, ஒரு நாள். மறுபடி கால் சுற்று, மறுநாள்.

மூன்றாம் நாள் காலை நான் குனிந்து சந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா சுவரைப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"அது நேராயிடுச்சாடா?"

"முழுசா நேராகக் கூடாதும்மா. கொஞ்சம் வளைவு இருக்கணும். தந்தி ஆடுறதுக்கு இடம் வேணும்ல, நடுவுலதான் அது ரொம்ப ஆடும்."

"ஓ" என்றாள். சற்று நின்றாள். போய்ச் சோபாவில் உட்கார்ந்துகொண்டாள். டிவி ஓடவில்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தாள்.

கையில் ஆலன் கீயோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் முன்பு அம்மாவுக்கு எழுபது முடிந்தபோது, நானும் அக்காவும் சேர்ந்து சமையலுக்கு ஆள் வைத்தோம். 'ஐம்பது வருஷம் அடுப்படியில நின்னாச்சு, இனிமே ஒண்ணும் தொடாதீங்க' என்று அக்கா சொன்னாள். கரண்டியைக் கையிலிருந்து பிடுங்கினோம் என்றே சொல்லலாம். காய்கறிக்காரரோடு பேரம் பேசுவது போனது, டிகாஷன் போடுவது போனது, மாவு புளித்ததா என்று மூடியைத் திறந்து முகர்வதும் போனது. முதல் மாதம் ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னாள். ஆறாவது மாதம் பகலில் தூங்கினாள். பிறகு இன்று என்ன கிழமை என்று ஒரே நாளில் இரண்டு முறை கேட்டாள். வயது என்று நினைத்தோம்.

வயதும்தான். ஆனால் அம்மாவுக்கு உள்ளேயும் ஒரு கம்பி இருந்திருக்கிறது. ஐம்பது வருடப் பளுவைத் தாங்குவதற்கென்று அவளே உள்ளுக்குள் முறுக்கி வைத்த கம்பி: விடியுமுன் விழிப்பு, அடுத்த வேளை பற்றிய கணக்கு, யாருக்கு எது ஆகாது என்ற ஞாபகம். நாங்கள் வெளியே தந்திகளைத் தளர்த்திவிட்டோம். உள்ளே இருந்த முறுக்கு எதிர்ப்பக்கம் ஆளில்லாமல் அவளையே இழுத்துக்கொண்டிருந்தது.

வள்ளுவர் அம்பையும் யாழையும் அருகருகே வைத்துக் காட்டுவார்: நேராக இருப்பது உயிரை எடுக்கும், வளைந்து இருப்பது காதுக்கு நல்லது செய்யும் என்று. ஆளின் தோற்றத்தை வைத்து எடை போடாதே என்பதற்கு அவர் சொன்னது. எனக்கு அந்த யாழின் வளைவு வேறொன்றையும் சொல்கிறது. தந்தியைச் சுமப்பது எதுவும் நேராக இருக்க முடியாது. சுமக்காததும் நேராக இருப்பதில்லை. அது மறுபக்கம் வளைகிறது.

இதைச் சுமைக்குப் பாடும் புகழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரம்பூர்க்காரரின் முதுகு போனது நிஜம். எங்கள் பாட்டி பத்துப் பேருக்குப் பொங்கிப் பொங்கியே கூன் விழுந்து போனதும் நிஜம். அவளுக்கு யாராவது ஒரு தந்தியையாவது தளர்த்தியிருக்க வேண்டும், யாரும் தளர்த்தவில்லை. அந்தக் குற்றவுணர்ச்சியில்தான் நாம் நம் அம்மாக்களிடம் ஆறையும் ஒரே நாளில் அவிழ்த்துவிடுகிறோம். முந்தைய தலைமுறை அளவு தெரியாமல் ஏற்றியது, நாம் அளவு தெரியாமல் இறக்குகிறோம்.

ஐந்தாம் நாள் விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைந்தது. பி தந்தியைத் தட்டினேன். ஒலி காதுக்கு வருமுன் மேசை வழியாக முழங்கைக்கு வந்தது. சி தந்தியில் பதினான்காவது பிரெட் மட்டும் இன்னும் லேசாக முனகுகிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாசிக்கத் தொடங்கியதும் அடுத்த சிக்கல். ஆறு தந்தியில் ஒன்றைத் தொட்டால் மற்றவையும் தாமாகவே முணுமுணுக்கின்றன. பெரம்பூருக்குப் போன் போட்டேன். "அடிக்கிறது ஒரு தந்திதான் தம்பி, அமுக்கிப் பிடிக்கிறது அஞ்சு. அதுதான் வேலையே" என்றார். அரை மணி நேரம் பேசினார். வாத்தியத்தை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்றேன். இப்போது ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் அங்கே போகிறேன். உட்கார்ந்தபடி, மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலை எப்படி நகர்த்துவது என்று காட்டுகிறார். தோளில் மாட்டுவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நானும் இருப்பதில்லை.

வீட்டில் சமையல்காரம்மா இருக்கிறார். காலை டிகாஷன் மட்டும் அம்மாவுடையது. முதல் வாரம் இரண்டு முறை பொடி போட மறந்து வெறும் வெந்நீர் இறங்கியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, புதன்கிழமை கீரை ஆய்வதும் அவளிடம் போனது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கிழமை இன்னும் சில நாள் தவறுகிறது. ஆனால் புதன்கிழமை தவறுவதில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கிட்டார் ஏதாவது இருந்தால், தந்தியை முழுக்க அவிழ்த்து வைக்காதீர்கள்; சுருதியிலிருந்து சற்றுத் தளர்த்தினால் போதும். வயதானவர் கையிலிருந்து வேலையை வாங்கும்போதும் அப்படியே. கால் சுற்று தளர்த்துங்கள். ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அடுத்த கால் சுற்று தேவையா என்று அவர்களையே கேளுங்கள்.