உழாத நிலமும் உடையவன் கடமையும்

முன்னோர் வழிவந்த விளைநிலத்தை ஒருவன் உழாது விடுதல் குற்றமா, குணமா? ஏரைப் போற்றும் மரபில் வந்த நாம் குற்றமென்றே விரைந்து விடை கூறுவோம். ஆயினும், இங்கிலாந்து தேசத்தில் நடந்துள்ள ஒரு காரியம் அவ்விடையைச் சற்றே நிறுத்தி ஆராயும்படி செய்கின்றது.

அத்தேசத்தின் தென்பகுதியாகிய மேற்கு சஸெக்ஸில் நெப் என்றொரு பண்ணை உண்டு. பரப்பு ஏறத்தாழ 3,500 ஏக்கர். பர்ரல் குடும்பத்தார் 200 ஆண்டுகளுக்கு மேலாக அதனை உடையவர்கள். 1980-களில் அப்பண்ணையைப் பிதிரார்ஜிதமாகப் பெற்ற சார்லஸ் பர்ரல், தானியமும் பாலும் பெருக்குவதற்கு இயந்திரங்களையும் இரசாயன உரங்களையும் கொண்டு பெரிதும் முயன்றார். நிலமோ கனத்த களிமண். மழைக்காலத்தில் சேறு; கோடையில் பாறை. பெருகியது கடனே. 2000-ஆம் ஆண்டில் கறவை மாடுகளையும் இயந்திரங்களையும் விற்றார். மறு ஆண்டு முதல், சர்க்கார் மானியத்தின் துணையோடு, நிலத்தைப் படிப்படியாக இயற்கையின் போக்கில் விட்டார். உள்வேலிகள் நீக்கப்பட்டன. நீண்ட கொம்புடைய மாடுகள், மட்டக் குதிரைகள், பன்றிகள், மான்கள் ஆகியவை தம் விருப்பப்படி மேயவிடப்பட்டன.

முதலில் முள்ளும் புதரும் மண்டின. அண்டை விவசாயிகள் சினந்தனர். களை விதைகள் தம் வயல்களுக்குப் பரவும் என்றனர். நல்ல நிலம் பாழாகிறது என்றனர். அவர்கள் சினத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1939 முதல் 1945 வரை நடந்த போரில், உணவுக் கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டபோது, புல்வெளிகளையும் உழுது உயிர் காத்த நாடு அது.

நிற்க, அப்புதர்களே பின்னர் அடைக்கலமாயின. அந்நாட்டில் அருகி வந்த நைட்டிங்கேல் பறவைகளும், புறா இனத்தில் அரியதொன்றும், பேரரசன் என்று பெயர்பெற்ற ஊதா வண்ணத்துப் பூச்சியும் அங்கே பெருகின. கொண்டுவந்து விடப்பட்ட செங்கால் நாரைகள் 2020-இல் குஞ்சு பொரித்தன. பிரிட்டனில் பல நூற்றாண்டுகளாக நிகழாதது அது. இவ்வரலாற்றைப் பர்ரலின் மனைவி இஸபெல்லா ட்ரீ 2018-இல் நூலாக வெளியிட்டுள்ளார்.

இனி, நியாயத்தை ஆராய்வோம். உடையவன் தன் நிலத்தைத் தன் இஷ்டப்படி செய்யலாம் என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. மண்ணை அவன் படைக்கவில்லை, பெற்றதும் பிறப்பினால். பொதுமக்கள் வரிப்பணம் மானியமாகச் சேர்ந்த பின்னர், பொதுமக்களுக்கும் அதில் பேச்சுண்டு.

பசித்தோர் உள்ள உலகில் நிலத்தை உழாது விடுதல் பாவம் என்பார் மற்றொரு சாரார். நட்டத்தையே விளைத்த களிமண்ணுக்கு இவ்வாதம் முற்றும் பொருந்தாது. அங்கு இன்றும் மேய்ச்சல் விலங்குகளின் இறைச்சி விற்கப்படுகிறது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அங்கே குறைந்த உணவுக்கு ஈடாக வேறு நாட்டில் காடு அழியுமானால், இயற்கைக்கு விளைந்த லாபம் யாது? செம்பனைக்காகச் சாய்ந்த காடுகளின் நாட்டிலே கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணிக்கு இக்கேள்வி எளிதில் அகல்வதில்லை.

இவ்விரு வாதங்களிலும் விடுபட்டவன் ஒருவன் உளன். அவன் உழைப்பாளி. கறவை மாடு போனால் கறப்பவன் வேலையும் போகும். பின்னர் காட்டைக் காண வருவோருக்கு வழிகாட்டவும் விருந்தளிக்கவும் புதிய வேலைகள் பிறக்கலாம்; ஆயினும் பால் கறந்தவனுக்கே அவ்வேலை கிட்டும் என்பது என்ன நிச்சயம்?

இது நமக்குப் புதிய துயரன்று. 1950-களில் மலாயாவில் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, தொழிலாளர் வேலையோடு குடியிருந்த லயத்தையும் இழந்தனர். அவர்களை யாரும் கேட்கவில்லை. அத்துயரிலிருந்தே, சம்பந்தன் அவர்கள் முன்னின்று, தொழிலாளர் சேமிப்பைக் கொண்டு தோட்டம் வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960-இல் பிறந்தது. அங்கே நிலம் காடாகவில்லை, கைதான் மாறியது. ஆயினும் உழைத்தவன் கதி ஒன்றே. தீமை மண்ணின் மாற்றத்தில் இல்லை. ஒருவன் முடிவால் பலர் வாழ்வு மாறுவதிலேயே இருக்கின்றது.

ஆகவே, நிலத்தைக் காடாக விடுவதை நாம் பழிக்கவில்லை. களைத்த மண்ணுக்கு ஓய்வளிப்பதும் அறமே. ஆனால் அவ்வறத்தைச் செய்ய விழைவோன் முதலில் மூன்று கடன்களைத் தீர்க்க வேண்டும். அந்நிலத்தில் உழைப்போருக்கு முன்னறிவித்து, வேறு வேலையும் இருக்க வீடும் உறுதி செய்தல் ஒன்று. அண்டையார் வயலுக்குக் கேடு வாராமல் காத்தல் இரண்டு. குறையும் உணவு எங்கிருந்து வரும் என்று கணக்குக் காட்டுதல் மூன்று. பறவைக்குக் கூடு தந்தவனை உலகம் புகழட்டும்; அதன் பொருட்டு எவன் வீடும் பறிபோகவில்லை என்று அறிந்த பின்னர் புகழட்டும்.